மருந்து கலக்கும் அறை

இரண்டாவது அலை வந்த வெயில் காலத்தில், சிவகாசியில் அம்மா வீட்டு மாடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து நான் ஒரு தடுப்பூசி ஆலையை வரைந்துகொண்டிருந்தேன். ஆலை இருந்தது வேறு மாநிலத்தில். கீழே அறைகளில் இணையம் சரியாக எடுக்காது என்பதால் மாடி. வெயில் ஏறிவிட்டால் தகரம் காய்ந்து, தலைக்கு மேல் அடுப்பை வைத்ததுபோல் இருக்கும். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மடிக்கணினிக்குக் காற்றுப் போக இரண்டு செங்கல்லை முட்டுக்கொடுத்து, நாள் முழுக்கப் பேசிக்கொண்டும் வரைந்துகொண்டும் இருப்பேன்.

நான் ரசாயனப் பொறியாளர். எங்கள் நிறுவனத்து விஞ்ஞானிகள் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியைச் சோதனைச்சாலையில் ஒரு சிறு குடுவை அளவுக்குச் செய்து காட்டியிருந்தார்கள். எலிகளிடம் நன்றாக வேலை செய்தது. அதையே ஊருலகத்துக்குப் போதுகிற அளவில் செய்ய எத்தனை தொட்டி வேண்டும், குழாய் என்ன அகலம், எந்த வேகத்தில் ஓட வேண்டும், எந்த அறையை ஒட்டி எந்த அறை இருக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவுசெய்வது என் குழுவின் வேலை. நாலு பேருக்கு வைக்கிற சாம்பாரை நானூறு பேருக்கு வைப்பதுதானே என்று அம்மா கேட்டாள். நானூறு பேருக்கு வைக்கும்போது அடிபிடிப்பதில்லையா என்று நான் திருப்பிக் கேட்டேன். அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். சரியான பதில் என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அக்கா அப்போது ஏழு மாதம். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் வைத்தியத்துக்கு அலைந்து, இனி இல்லை என்று இரண்டு பேரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு தங்கிய பிள்ளை. அவள் ஒரு ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் நர்ஸ். அத்தான் ஒரு அச்சகத்தில் காலண்டர் ஓட்டுகிறவர். அவளைக் கவனித்துக்கொள்ளத்தான் நான் ஊருக்கு வந்தது. வடிவமைப்புக்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது வசதியாகப் போயிற்று.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாலும் அக்கா வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேரைக் கொரோனா வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாசமாக இருப்பதால் இவளைத் தீக்காயப் பிரிவிலேயே விட்டுவைத்திருந்தார்கள். மற்ற நர்சுகள் எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். இவளுக்கு மட்டும் இல்லை. கர்ப்பிணிகளுக்குப் போட அப்போது நம் நாட்டில் அனுமதி வந்திருக்கவில்லை.

ஒரு நாள் டூட்டி முடிந்து வந்து, குளித்து, ஈரத் தலையோடு மாடிக்கு ஏறிவந்தாள். படியேறிய இளைப்பு அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏடி, வெளிநாட்டுல மாசமா இருக்கிறவுகளுக்கு ஒங்க வகை ஊசிதான் போடுறாகளாம்ல? எங்க டாக்டரம்மா சொன்னாக.”

“ஆமாக்கா. அது வேற கம்பெனி ஊசி. எங்களது இன்னும் தொட்டியவே தாண்டல.”

“தாண்டிருச்சுன்னா?”

“தாண்டினாலும் மொதல்ல சோதனை நடக்கணும். அந்தச் சோதனையில மாசமா இருக்கிறவுகளச் சேக்கமாட்டாக.”

“தெரியும்டி. நானும் நர்சுதான.” கொஞ்ச நேரம் என் கணினித் திரையில் இருந்த கோடுகளையும் வட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “இருந்தாலும் நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். நீ செஞ்சுக்கிட்டே இரு.”

அதற்குப் பிறகு தினமும் கேட்டாள். சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது, துணி காயப்போடும்போது, சாதாரணமாக, மழை வருமா என்று கேட்பதுபோல்: “தாண்டிருச்சா?”

தாண்டவில்லை. எம்.ஆர்.என்.ஏ. என்பது உடம்புக்குக் கொடுத்தனுப்புகிற ஒரு செய்தி. கிருமியின் ஒரு துண்டை எப்படிச் செய்வது என்று அது உடம்புக்குச் சொல்லும். உடம்பு அதைச் செய்து பார்த்து, அடையாளம் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் அந்தச் செய்தி தொட்டாற்சிணுங்கி. விரல் வியர்வை பட்டாலே சிதைந்துவிடும். அதனால் அதைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துகளுக்குள் வைத்துப் பொதிய வேண்டும். கொழுப்பை ஆல்கஹாலில் கரைத்து ஒரு குழாயில் விடுவோம். செய்தியைப் புளிப்பான நீரில் கலந்து இன்னொரு குழாயில் விடுவோம். இரண்டும் வேகமாக மோதுகிற இடத்தில் கொழுப்பு சுருண்டு செய்தியை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். சோதனைச்சாலையில் துகள்கள் எல்லாம் ஒரே அளவில், அச்சில் வார்த்ததுபோல் வந்தன. பெரிய தொட்டியில் செய்தபோது கடைசியில் கிருமி நீக்கும் வடிகட்டியில் போய் அடைத்துக்கொண்டன. ஆலையிலிருந்து கூப்பிட்டுச் சொல்வார்கள். மறுபடி ஓட்டுவோம். மறுபடி அடைக்கும். ஒவ்வொரு தடவையும் அந்தச் செய்தியைத் தயாரிக்க வெளிநாட்டிலிருந்து வரவழைத்த நொதிகள் வீணாகும். அவை திரும்ப வர விமானம் இல்லாத காலம்.

வேகத்தைக் கூட்டினோம். குறைத்தோம். பம்பை மாற்றினோம். பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்தார். தெருக்கோடியில் ஒரு தம்பதி ஒரே வாரத்தில் போனார்கள். காலையில் எழுந்ததும் அம்மா எங்கள் சர்ச் சபையின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பெயர்களைப் படிப்பாள். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு ஜெபம் பண்ணுவாள். நான் மாடிக்குப் போய் மறுபடி அதே கணக்கைப் போடுவேன். செய்யக்கூடியது என்று உலகத்தில் ஒரு வேலை இருந்து, அது என் கையில் கொடுக்கப்பட்டு, என்னால் அதைச் செய்ய முடியவில்லை என்ற நினைப்பு சாப்பிடும்போதுகூட விடாது.

கடைசியில் ஒரு எண்ணம் வந்தது. சோதனைச்சாலையில் மொத்தக் கலவையும் ஒரு நிமிஷத்தில் ஓடி முடிந்துவிடுகிறது. பெரிய தொட்டியில் மணிக்கணக்காகிறது. முதலில் விழுந்த துகள், கடைசித் துகள் வந்து சேரும்வரை அந்த ஆல்கஹால் தண்ணீரிலேயே கிடக்கிறது. அதுவரை அது சும்மா இருக்குமா? தொட்டியில் அவ்வப்போது ஒரு சொட்டு எடுத்துத் துகளின் அளவைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நேரம் ஆக ஆகப் பருத்துக்கொண்டிருந்தன.

நோய் தெரிந்துவிட்டது. துகள் பிறந்த கையோடு குழாயிலேயே நிறைய நீரைக் கலந்து ஆல்கஹாலின் வீரியத்தைக் குறைத்துவிட்டால் அது காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படிச் செய்ய எங்கும் நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும். ஒரே ஓட்டமாக ஓட்ட, அதுவரை சிறு சிறு பாத்திரங்களில் இருந்த ஆல்கஹாலைப் பெரிய தொட்டியில் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்பதில் வேலை வந்து நின்றது.

ஆலையில் கலவைக் கூடம் ஒன்றுதான். பெரிய கூடம். அதில் பம்புகள், மின்சாரப் பலகைகள், ஆட்கள் எல்லாம் இருந்தன. தொட்டியை அங்கேயே வைத்து உடனே ஓட்டலாம் என்றார் எங்கள் பிரிவுத் தலைவர். தனி அறை கட்டி, தீப்பொறி பறக்காத மோட்டார்களும் விளக்குகளும் போட்டு, ஆல்கஹால் ஆவி தரையோடு தங்கும் என்பதால் தாழ்வாகக் காற்றை உறிஞ்சும் விசிறி வைத்த பிறகுதான் ஓட்ட வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அந்த மோட்டார்கள் வந்து சேரப் பல வாரம் ஆகும். அபாய ஆய்வில் நான் ஒப்புதல் கொடுத்தால்தான் கூடத்தை அந்த ஓட்டத்துக்குத் திறக்க முடியும்.

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த ஒரு பிற்பகல், அத்தான் போன் பண்ணினார்.

“தாயில்பட்டிப் பக்கம் வெடி விபத்தாம்மா. அவ இன்னைக்கு வரமாட்டா. அம்மாட்டச் சொல்லிரு.”

எங்கள் ஊரில் இந்தச் செய்திக்கு யாரும் எதற்காக, எப்படி என்று கேட்பதில்லை. எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். அத்தானுக்கு அது தெரியவில்லை.

மறுநாள் காலையில் அக்கா வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. பின்பக்கம் குழாயடியில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். அம்மா சொம்பில் காப்பியைக் கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டு விலகி நின்றாள். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். அவள் மேலிருந்து வந்த வாடையை நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். கருகியதும், களிம்பும், டெட்டாலும் கலந்த வாடை.

“மருந்து கலக்குற ரூம்ல ஆரம்பிச்சிருக்கு,” என்றாள். எங்கள் ஊரில் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கிற பொடி. “ஊரடங்கு வந்துருமோன்னு அவசரம். ஆர்டரச் சீக்கிரம் முடிக்கணும்னு ஒரே ரூம்ல அம்புட்டு மருந்தையும் வச்சு, ஆளையும் கூட உக்கார வச்சிருக்காக. பக்கத்து ரூமுக்குத் தாவிருச்சு.”

“நீ சாப்பிட்டியா?” என்றாள் அம்மா.

“ஒரு பொம்பளப் பிள்ள, கல்யாணத்துக்குப் பணம் சேத்துக்கிட்டு இருந்ததாம். கைய அசைக்க முடியல. மூஞ்சிய யாரும் பாக்காம மூடிவிடுங்க சிஸ்டர்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு.” காப்பியை அவள் தொடவில்லை. “சொந்தக்காரவுக வார்டு முழுக்க வந்து கட்டிப் பிடிச்சு அழுதாக. மாஸ்க்கு போடுங்கன்னு யாருட்டச் சொல்ல? நான் ரெண்டு மாஸ்க்குப் போட்டிருந்தேன். அழுறவுக எம்மேலதான சாய்றாக.”

அவள் குளித்துப் படுத்த பிறகு நான் மாடிக்குப் போனேன். தலைவர் அழைப்பில் காத்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“அந்தக் கூடத்தைத் திறந்துவிடுங்கள். தனி அறையைப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.”

“முடியாது சார்.”

“வெளியே என்ன நடக்கிறது என்று தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் சார்.”

“ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் ஆட்கள் போகிறார்கள். கூடத்தில் தீப்பிடிக்கலாம் என்பது ஒரு ஊகம். வெளியே நடப்பது ஊகம் இல்லை.”

அவர் கெட்டவர் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் தன் தம்பியைப் பறிகொடுத்திருந்தார். உடலைப் பார்க்கக்கூட அவரால் போக முடியவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் கூடத்தில் வேலை செய்யும் ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். மூக்கைச் சுற்றி அக்காவின் வாடை அப்படியே இருந்தது.

“தனி அறை இல்லாமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேறு யாராவது பொறுப்பெடுத்தால் அது உங்கள் முடிவு.”

அவர், “சரி, அறையைக் கட்டுங்கள்,” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார். பயத்தில்தான் மறுத்தேன். அதைத் துணிச்சல் என்று பிற்பாடு சிலர் சொன்னபோது எனக்குக் கூச்சமாக இருந்தது.

சில நாளில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. குழாயடிப் பக்கத்து அறையில் தனியே படுத்துக்கொண்டாள். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற கருவியைத் தானே மாட்டிப் பார்த்து, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து எண்ணைச் சொல்வாள். எண் இறங்க இறங்க அவள் குரலில் நர்ஸ் மட்டும் மிஞ்சினாள். எந்த மாத்திரை, எத்தனை வேளை, யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. சிவகாசியில் ஆக்சிஜன் படுக்கை இல்லை. அத்தான் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் பண்ணினார். அவர் முதலாளி விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லி இடம் பிடித்துக் கொடுத்தார். காலண்டர் லோடு ஏற்றுகிற வேனில் மெத்தையைப் போட்டு அவளைக் கூட்டிப்போனோம். பின்னால் நானும் அம்மாவும். திருத்தங்கல் தாண்டுகிறவரை அவள் கண்ணைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்து என்னைப் பார்த்தாள்.

“தாண்டிருச்சா?”

“இல்லக்கா.”

“பரவால்ல,” என்றாள்.

உள்ளே எங்களை விடவில்லை. அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் அத்தானும் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் இருந்தோம். எங்களைப்போல் அங்கே நிறையப் பேர். யாராவது உள்ளிருந்து வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எல்லோரும் எழுந்து நிற்போம். வேனின் பின்பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து அந்தத் தனி அறையின் வரைபடத்தில் வேலை செய்தேன். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், விசிறி தரையிலிருந்து எவ்வளவு உயரம். அத்தான் வந்து எட்டிப் பார்த்தார்.

“இப்பவுமாம்மா?”

“சும்மா இருந்தா நெஞ்சு வெடிச்சுரும் போலருக்கு அத்தான்.”

அவர் தலையாட்டிவிட்டு, வெயில் திரையில் விழாதபடி தன் துண்டை எடுத்து வேன் கதவில் கட்டிவிட்டார்.

அக்காவிடம் போன் இருந்தது. பேச மூச்சு இல்லாததால் எழுதி அனுப்புவாள். ‘இட்லி வந்துச்சு.’ ‘பக்கத்து பெட் போய்ட்டாங்க.’ ‘அம்மாவ மாத்திர போடச் சொல்லு.’ ஒரு மத்தியானம் அவளே கூப்பிட்டாள். ஆக்சிஜன் ஓடுகிற இரைச்சல்தான் முதலில் கேட்டது.

“ஏடி… காலையில இருந்து அசையல.”

“தூங்குதோ என்னவோக்கா.”

“இல்ல. இனிப்புக் குடிச்சுப் பாத்தேன். ஒருக்களிச்சுப் படுத்துப் பாத்தேன்.” மூச்சு வாங்கினாள். “டாக்டரம்மாட்டச் சொல்லிட்டேன். அவுக வந்து வயித்துல மெஷின வச்சுப் பாத்தாக. ஒண்ணும் சொல்லாம என் கையப் பிடிச்சாக. நானும் எத்தன பேரு கைய அப்படிப் பிடிச்சிருக்கேன்.”

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அவருட்ட நீயே சொல்லு,” என்றாள். “எனக்கு மூச்சுப் பத்தாது.”

அத்தான் மரத்தடியில் ஒரு முதியவருக்குப் பன்னைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் கையிலிருந்த பன்னை அவருக்கு முழுக்கக் கொடுத்து முடித்தார். அப்புறம் வேனுக்குப் பின்னால் போனார்.

ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. துணியில் பொதிந்து, பையில் வைத்து, பெயர் எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பெற்றவள் பார்க்கவில்லை. மயக்கம் தெளிவதற்குள் கொடுத்துவிட்டார்கள். நான் வேனின் முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொண்டேன். அத்தான் ஓட்டினார். கல்லறைத் தோட்டத்தில் எங்கள் சபைப் போதகரான ஐயர் தூரத்தில் நின்று ஜெபித்தார். குழி வெட்டியவர் அன்றைக்கு வேறு பல குழிகளும் வெட்டியிருந்ததால் களைத்துப்போயிருந்தார். அத்தானே மண்ணைத் தள்ளினார். இவ்வளவு லேசான ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் தூக்கியதில்லை.

தலைவருக்கு விடுப்புக் கேட்டு எழுதினேன். உடனே போன் பண்ணினார். ஆலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “சாப்பிடுங்கள்,” என்றார். “நான் சாப்பிடாமல் இருந்து விழுந்துவிட்டேன். நீங்கள் சாப்பிடுங்கள்.”

அந்த நாட்களில் ஒரு கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கே கூடத்தைத் திறந்திருந்தால் எத்தனை வாரம் முன்னால் ஓட்டியிருப்போம், சோதனை எப்போது தொடங்கியிருக்கும், அனுமதி எப்போது. எப்படிக் கூட்டினாலும் அக்காவின் நாளுக்குள் வராது. வந்தாலும் அவளுக்குப் போட்டிருக்க மாட்டார்கள். பதில் ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான். ஆனாலும் அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து போடுவேன். அக்காவுக்கு வராவிட்டால் வேறு எவளுக்கோ வந்திருக்குமே என்ற இடத்தில் கணக்கு நின்றுவிடும். அதற்கு மேல் எனக்குப் போடத் தெரியவில்லை.

அக்கா பிழைத்து வந்தாள். இரண்டு எட்டு நடந்தால் உட்கார வேண்டும். மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. பால் வற்றட்டும் என்று அம்மா மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிவிட்டாள். அக்கா முழுநாளும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நான் அறைக்குள் போனால், “வேலையப் பாரு போ,” என்பாள். என்னிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள்.

கொஞ்ச காலத்தில் கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசி போடலாம் என்று அறிவிப்பு வந்தது. இங்கே கிடைத்துக்கொண்டிருந்த மற்ற ஊசிகளே. அம்மா செய்தித்தாளை மடித்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அக்காவுக்கு அதற்குள் போனில் வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் எழுந்து குளித்து, பெட்டியைத் திறந்து யூனிபாரத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். இடுப்பில் தொளதொளவென்று இருந்தது.

“ஊசி போடுற டூட்டி கேக்கப் போறேன்,” என்றாள்.

“இந்த ஒடம்போடயா?” அம்மா பதறினாள்.

“உக்காந்து போடுறதுதானம்மா.”

மழைக்காலம் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம்கள் நடந்தன. அவள் தனியே அலைய வேண்டாம் என்று நானும் கூடப் போவேன். ஆலையில் தனி அறை அதற்குள் எழும்பியிருந்தது. மோட்டார்கள் தாமதமாகத்தான் வந்தன. முதல் பெரிய ஓட்டத்தைப் பார்க்க என்னை வரச் சொன்னார்கள். அக்காவை விட்டுப் போக மனம் வரவில்லை.

நாரணாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள் வரிசையில் நின்றார்கள். கைவிரல் இடுக்கிலெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி. மாசமாக இருந்த ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கொடுக்காமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல சிஸ்டர்?”

“ஆகாது. போடலன்னாதான் பயம்.”

“ஒங்களுக்கு எத்தன புள்ளைக?”

அக்கா பஞ்சை எடுத்து அவள் தோளைத் துடைத்தாள். “ஒண்ணு. இல்ல, போயிருச்சு. எனக்கு இந்த ஊசி போட்டுக்கக் குடுத்துவைக்கல. நீ கையக் குடு.”

அவள் கையைக் கொடுத்தாள். பின்னால் நின்றவர்களும் பேசாமல் கையை நீட்டினார்கள்.

அப்போதுதான் என் போன் அடித்தது. பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய் எடுத்தேன். ஆலையிலிருந்து என் குழுவைச் சேர்ந்தவர். கலவை ஒரே ஓட்டமாக ஓடி முடிந்துவிட்டது. துகள்கள் முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு. வடிகட்டி அடைக்கவே இல்லை. மொத்தமும் தண்ணீர்போல் தடையில்லாமல் இறங்கிவிட்டது என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. பின்னால் கைதட்டுகிற சத்தம் கேட்டது. நான் மைதானத்தில் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அதில் சந்தோஷம் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

வரிசை முடிந்த பிறகு அக்காவிடம் சொன்னேன்.

“தாண்டிருச்சுக்கா.”

அவள் ஊசிகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “எல்லாமா?”

“எல்லாம்.”

“அங்கன யாருக்கும் ஒண்ணும் ஆகலேல்ல?”

“ஆகலக்கா.”

“அது போதும்,” என்றாள். டப்பாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

அதன் பிறகு சோதனைகள் நடந்தன. அனுமதி கிடைத்தது. அதற்குள் நோயின் வேகம் தணிந்து, முகாம்களில் ஆள் வருவது நின்றுபோயிருந்தது. நாங்கள் செய்து அடுக்கிய குப்பிகளில் பெரும்பகுதி குளிர் அறையிலேயே காலாவதியாயிற்று. அந்தத் தனி அறையில் இன்றுவரை ஆல்கஹால் ஒரு சொட்டும் கசிந்ததில்லை. கூடத்தில் வைத்திருந்தால் கசிந்து, தீப்பிடித்திருக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. தலைவர் ஓய்வுபெறும்போது அதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அதே குழாய்களில் இப்போது வேறொரு நோய்க்கான தடுப்பூசியைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். மறுபடி சிறிய குடுவையில் சரியாக வருகிறது, பெரிய தொட்டியில் வரவில்லை. போன வாரம் அக்கா கூப்பிட்டாள். தீக்காயப் பிரிவுக்கே திரும்பிப் போய்விட்டாள். படியேறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. வெடி விபத்தில் அன்றைக்கு வார்டுக்கு இரண்டு பேர் என்றாள். பிறகு அவள், அத்தானுக்குச் சோறு எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.